சிக்கந்தர் பாயை எழுப்பிய ஜின்

மாரடைப்பில் பிழைத்து வந்தவர்களுக்கு மனதில் காயம் இருக்கிறதா என்று பார்க்க இப்போது ஆரம்ப சுகாதார மையங்களில் கேள்விகள் வந்துவிட்டன. இளம் டாக்டர்கள் கையில் டேப்லெட் கணினி வைத்துக்கொண்டு, கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு விழிக்கிறீர்களா, விழுந்த இடத்துக்குப் போகப் பயமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் ஒரே மருந்துதான் இருந்தது. 'ஒண்ணும் இல்ல, தைரியமா இருங்க.' அதைக் கேட்டு யாருக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை.

சமீபத்தில் இதைப் பற்றிய பயிற்சி வகுப்பில் பேச என்னை எர்ணாகுளத்துக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றவள் பேச ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவாளோ என்று பயந்தார்கள் போல, சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தை ஒதுக்கியிருந்தார்கள். நான் முக்கியமான இடத்துக்கு வரும்போது பிரியாணி வந்துவிட்டது. பிரியாணி வாசனை வந்த பிறகும் பேச்சுக் கேட்ட டாக்டரை நான் கண்டதில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் கை கழுவுகிற இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு, "மேடம், அந்தச் சாக்குக்கடைக்காரர் விஷயம் பாதியிலே நிக்குது" என்றாள். அவளுக்காக மீதியை எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் அனுமதியும் வாங்கிவிட்டேன். அந்த வீட்டுப் பெண்மணிக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிப்பதெல்லாம் மலையாளத்தில்தான். அதனால் எழுதியதை அவர் வீட்டுக்கே போய் வாசித்துக் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் சொன்னார். அது எந்த இடம் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி எர்ணாகுளத்துக்கு அக்கரையில் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு வந்தவள். பள்ளியில் மலையாளம், பரீட்சையில் இங்கிலீஷ், வீட்டில் திட்டு வாங்குவது தமிழில். மருத்துவப் படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரையும் போலத் தூங்காமல் படித்தேன், எல்லாரையும் போலப் பாதியை மறந்தேன். நல்ல டாக்டராகத்தான் இருந்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கூச்சப்படுகிற டாக்டரை நம்பி யாரும் நாக்கை நீட்ட மாட்டார்கள். ஆனால் என்னை டாக்டராக்கியது கல்லூரி இல்லை, அன்னம்மா மேடத்தின் வார்டு.

அன்னம்மா மேடம் நான் முதலில் வேலை பார்த்த தாலுகா ஆஸ்பத்திரியில் எங்கள் தலைமை மருத்துவர். ஆள் குள்ளம், குரல் பெரிது. அவரிடம் திட்டு வாங்காதவரும் கிடையாது, பாராட்டு வாங்கியவரும் கிடையாது. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் செய்வது, கட்டிலைச் சுற்றி நிற்கிற சொந்தக்காரர்களை விரட்டுவது. "நீங்க எல்லாரும் போயி ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்பார். "டாக்டரே, நேத்து ராத்திரி இவருக்கு..." என்று யாராவது ஆரம்பித்தால், "ஆளுக்கு வாய் இருக்கில்லே? அவரு சொல்லட்டும். உங்களுக்கு சாயா ஆறிப்போகும்" என்று வாசலைக் காட்டுவார்.

கூட்டம் போன பிறகு ஒரு சின்ன ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலை விடத் தாழ்வாக உட்காருவார். நோயாளியின் மணிக்கட்டில் விரல் வைப்பார். நாடியை நர்ஸ் ஏற்கெனவே எண்ணியிருப்பார், இவர் எண்ணுவதில்லை, விரலை வைத்திருப்பார், அவ்வளவுதான். "சொல்லு" என்ற பிறகு வாயே திறக்க மாட்டார். 'ம்' கூடக் கொட்ட மாட்டார். ஒருநாள் ஒரு படகுக்காரர் தன் நெஞ்சுவலியைச் சொல்லி நிறுத்தியதும் நான் முந்திக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். மேடம் என் பக்கம் திரும்பினார்.

"ராஜி, அவரு மூச்சு வாங்க நிறுத்தினாரு. நீ போயி கேட்டைப் பூட்டிட்டே."

நான் எழுதிக்கொண்டிருந்த சீட்டை மூடிவைத்தேன்.

"மனுஷன் முதல் தடவை நிறுத்தறது நம்ம மூஞ்சியைப் பாக்கறதுக்காக. ரெண்டாவது தடவை நிறுத்தினா மட்டும் நீ வாயைத் திறந்தா மதி, அது போதும்."

இது பாடம் இல்லை, திட்டு. வார்டு முழுக்கக் கேட்கும்படி வாங்கிய திட்டு என்பதால்தான் இன்றைக்கும் மறக்கவில்லை.

பல ஊர் சுற்றிவிட்டு மட்டாஞ்சேரி மையத்துக்கு வந்தபோது நான் இந்த இரண்டையும் கையோடு கொண்டுவந்தேன், சாயாவையும் இரண்டாவது நிறுத்தத்தையும். அங்கே என்னைத் தவிரத் தமிழ் பேசுகிற டாக்டர் இல்லை. ராவுத்தர் குடும்பங்கள், செட்டியார்கள், சலவைக்காரர்கள் என்று தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் என் அறை வாசலில்தான் உட்காருவார்கள். மலையாளம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வலியைத் தமிழில் சொன்னால்தான் சொன்ன திருப்தி போலிருக்கிறது.

இதயம் ஒருமுறை பயமுறுத்திவிட்டுப் போன பிறகு மனிதர்கள் என்னென்ன செய்வார்கள் என்று அங்கேதான் பார்த்தேன். பக்கத்துச் சுள்ளிக்கலில் ஒரு தையல்காரர். அவருக்கு வலி வந்தது கழிப்பறையில். பிழைத்து வந்த பிறகு மனிதர் கழிப்பறைக் கதவைச் சாத்தமாட்டேன் என்று நின்றுவிட்டார். இரண்டே அறை உள்ள வீடு, கல்யாண வயதில் மகள்கள். அவர் போகும்போதெல்லாம் மொத்தக் குடும்பமும் தெருவில் நிற்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் ரத்தக்குழாயைத் திறந்து அனுப்பிவிட்டார்கள், கதவை மூடுவது என் பொறுப்பாகிவிட்டது. முதலில் சும்மா உள்ளே நின்று கதவைப் பாதி சாத்துவது, பிறகு முழுக்கச் சாத்தித் தாழ்ப்பாள் போடாமல் நிற்பது, நெஞ்சு படபடத்தாலும் அது அடங்கும்வரை வெளியே வராமல் இருப்பது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனோம். படபடப்பு தானாக அடங்கும் என்பதை உடம்பு ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு நாம் சொல்ல வேண்டியதில்லை. தாழ்ப்பாள் போட்ட அன்று அவர் மனைவி எனக்குப் போன் செய்து அழுதார். மகள்கள் பின்னால் கைதட்டுவது கேட்டது.

இப்படி இரண்டு மூன்று பேரைச் சரிசெய்த தெம்போடு நான் இருந்த சமயத்தில்தான் சிக்கந்தர் பாய் வந்தார்.

சிக்கந்தர் ராவுத்தருக்குப் பழைய சாக்கு வாங்கி விற்கிற மொத்தக் கடை. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர் வீட்டுக் கூடத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். இதயம் நின்றேபோய்விட்டது. பக்கத்து வீட்டு ஜோசி துறைமுகத்தில் தீயணைப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவர், அன்றைக்கு வீட்டில் இருந்தார். ஓடிவந்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் நெஞ்சை அழுத்தினார். இரண்டு விலா எலும்பு முறிந்தது, உயிர் திரும்பியது. எர்ணாகுளத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். மாத்திரைக்கும் பிரஷர் பார்க்கவும் எங்கள் மையத்துக்கு வர ஆரம்பித்தார். எப்போதும் கூடவே மனைவி மெஹருன்னிசா.

"பகல்லே ஒரு குழப்பமும் இல்ல டாக்டரே" என்றார் சிக்கந்தர் பாய். "ராத்திரிதான். திடீர்னு முழிப்பு வரும். நெஞ்சு கெடந்து அடிக்கும். அப்புறம் உறக்கம் கிட்டாது. திரும்பவும் கண்ணு சொக்கும்போது திரும்பவும் முழிப்பு."

எர்ணாகுளத்தில் இதற்காகவே ஒருநாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்திருந்தார்கள். கோளாறு எதுவும் இல்லை. ஒரு மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள், முழிப்பு மாறவில்லை. விழுந்த அதிர்ச்சி மனதில் தங்கிவிட்டது, தூக்க மாத்திரை கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. இந்த மனிதர் விழுந்ததைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுகிறார். விழுந்த இடத்திலேயே பாய் போட்டுப் படுக்கிறார். பயந்தவர் அப்படிச் செய்ய மாட்டார்.

மனைவியைச் சாயா குடிக்க அனுப்பினேன். அவருக்குப் போக மனமே இல்லை. கதவுவரை போய் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, "முழிப்பு எப்படி வருது? அதை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

சிக்கந்தர் பாய் யோசித்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சிரிக்கக் கூடாது டாக்டரே. யாரோ மூக்குக்கிட்டே விரல் வெச்ச மாதிரி இருக்கும். சில நேரம் காலு பெருவிரலைக் கிள்ளின மாதிரி. கண்ணைத் தொறந்தா ஒருத்தரும் இல்ல, இவ பக்கத்துலே திரும்பிப் படுத்து உறங்கிட்டிருப்பா. வீட்டுலே ஜின்னு ஏதும் கேறிடுச்சோன்னு எனக்கொரு சம்சயம். இவகிட்டே சொன்னா பேடிச்சு நடுங்கிப் போவா, அதனாலே சொல்லலே."

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலேயே. பிறகு என் அனுபவத்திலேயே முதல் தடவையாக நோயாளியையே வெளியே அனுப்பினேன்.

"நீங்க போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க. சர்க்கரை இல்லாம. அவங்களை உள்ளே வரச் சொல்லுங்க."

மெஹருன்னிசா வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதுவரை அவரை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கூட வந்தவராகத்தான் பார்த்திருக்கிறேன், எங்கள் மையத்தில் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நோயாளி. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ரவிக்கை தோளில் தொங்கியது. பிரஷர் பார்த்தால் கணவருடையதை விட அதிகம்.

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரே. அவங்களைப் பாருங்க."

"பாத்தாச்சு. அவருக்குத்தான் ஒண்ணுமில்ல. ராத்திரி மூக்குல விரல் வெச்சுப் பாக்கறது நீங்கதானே?"

முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பாராம். பார்த்துவிட்டுப் படுத்ததும், சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வருமாம். மூச்சு நின்ற மாதிரி தோன்றினால் விரலைக் கிள்ளுவாராம். குளியலறைக் கதவைக் கணவர் பூட்டக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, போனால் மணிக்கொரு போன். சிக்கந்தர் பாயின் கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. அவர் சிரித்துக்கொண்டே சகித்தார். இவர் உருக்குலைந்துகொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த வீட்டில் அடுத்து விழுவது இவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கே மெஹருன்னிசா பெயரில் தனிச் சீட்டு போடச் சொன்னேன். எங்கள் மையத்துக்கு அவ்வப்போது வருகிற மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னதற்கு, "அது பிராந்துக்குப் பாக்கற டாக்டரில்லே?" என்று, பைத்தியப் பட்டம் வந்துவிடுமே எனப் பயந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான் அந்த டாக்டரிடம் போனில் பேசினேன். நீங்களே பாருங்கள், சிக்கல் வந்தால் கூப்பிடுங்கள் என்றார். சரி என்று ஏற்றுக்கொண்டேன். வியாழக்கிழமை மத்தியானங்களில், கூட்டம் குறைந்த பிறகு. எங்கள் கட்டடத்தில் கதவு ஒழுங்காக மூடுகிற அறை தடுப்பூசிக் குளிர்பெட்டி இருந்த அறை மட்டும்தான். அந்தப் பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். எங்கள் நர்ஸ் பீனா வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருப்பார்.

கணவர் விழுந்த அன்று நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை, இப்போது நடக்கிற மாதிரி சொல்ல வேண்டும். கால் தரையில் இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும். பயம் ஏறினால் நிறுத்தி, அறையில் இருப்பதைப் பார்த்து, குளிர்பெட்டிச் சத்தத்தைக் கேட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். இதுதான் வழி. திரும்பத் திரும்பச் சொல்லும்போது அது மெல்ல மெல்லப் பழைய விஷயமாகிவிடும்.

மெஹருன்னிசா சொன்னார். மீன் குழம்பு, சோறு. கணவர் நெஞ்சு கனக்கிறது என்றார். கேஸ் என்று நினைத்து இஞ்சியும் பூண்டும் இடித்து வெந்நீரில் பிழிந்து கொடுத்தார். அதைக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று உட்காரவைத்தார். டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சரிந்தார். ஜோசி வந்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

"நான்தான் உக்கார வெச்சேன். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா விழுந்திருக்க மாட்டாங்களா டாக்டரே?"

இதற்குப் பொய் சொல்லக் கூடாது. பொய்யான ஆறுதலை மனிதர்கள் வீட்டுக்குப் போய்ச் சுரண்டிப் பார்ப்பார்கள், சாயம் போய்விடும்.

"ஒருவேளை நேரத்தோட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். ஒருவேளை தோப்பும்படிப் பாலத்து நெரிசல்ல ஆட்டோவுக்குள்ளேயே சரிஞ்சிருக்கலாம், அங்கே ஜோசி கெடையாது. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா நீங்க தெரிஞ்ச மாதிரி தினமும் தீர்ப்பு எழுதிட்டிருக்கீங்க."

புரிந்தது போலத் தலையாட்டினார். அடுத்த வியாழக்கிழமை வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். இஞ்சித் தண்ணீரைப் பற்றிய அழுகை நின்றுவிட்டது. ஆனால் மூக்கில் விரல் வைப்பது நிற்கவில்லை.

இதற்கு நடுவே பீனாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். போனபோது கூடம் நிறைய ஆட்கள். ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது திரும்பினால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து விசாரிப்பது எங்கள் பக்கத்து மரியாதை, வராவிட்டால் ஆயுளுக்கும் பகை. வந்தவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் அந்தப் பொறுப்பு சிக்கந்தர் பாயின் தம்பி ஷாஜகானுக்கு. எர்ணாகுளம் பிராட்வேயில் துணிக்கடை வைத்திருக்கிறவர், வாய்க்குக் கேட்க வேண்டுமா? சம்பவத்தின்போது அவர் ஊரிலேயே இல்லை. ஆனால் அண்ணன் எப்படிச் சாய்ந்தார், கண் எப்படிச் செருகியது என்று எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். "மதினி இஞ்சித் தண்ணி குடுத்து சிகிச்சை பண்ணிச்சு, ஜோசிச் சேட்டன்தான் உயிரைக் குடுத்துச்சு" என்று முடிப்பார். எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். அவர் கெட்டவர் இல்லை, அண்ணன்மேல் உயிரையே வைத்திருப்பவர். மெஹருன்னிசா ஒவ்வொரு தடவையும் சாயாத் தட்டோடு நின்று இதைக் கேட்க வேண்டும். அன்றைக்கு ஜோசியும் வந்தார். ஜோசியின் தலையைக் கண்டதும் மெஹருன்னிசா சமையலறைக்குள் போனவர்தான், அவர் போகும்வரை வெளியே வரவில்லை. கணவர் உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை. இது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை, மறுபடியும் முதலிலிருந்து. மீன் குழம்பு, இஞ்சித் தண்ணீர், சரிந்தது, ஜோசி வந்தார், ஆம்புலன்ஸ் வந்தது. நிறுத்தினார். அப்போதுதான் கவனித்தேன். ஜோசி வந்ததற்கும் ஆம்புலன்ஸ் வந்ததற்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. எத்தனை தடவை சொல்லியும் அங்கே ஒரு தாண்டு. குழம்பில் என்ன மீன் என்று சொல்கிறவர் அங்கே மட்டும் தாண்டுகிறார்.

இது முதல் நிறுத்தம் என்று எனக்குள் அன்னம்மா மேடம் அதட்டினார். நான் மெஹருன்னிசாவின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். குளிர்பெட்டி உறுமியது. வெளியே பீனா யாரையோ அடக்கினார். மெஹருன்னிசா என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார்.

"ஜோசி வர்றதுக்கு முன்னாடியே அவங்க போயிட்டாங்க டாக்டரே. நான் பாத்தேன். மூச்சு இல்ல. கண்ணு தொறந்தபடி இருந்துச்சு. எங்க அத்தா மௌத்தானப்போ எப்படி இருந்தாங்களோ அதே மாதிரி. நான் காதுலே கலிமா சொன்னேன். கண்ணை மூடி விட்டேன்."

எங்கள் பகுதியில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பிரிகிற உயிருக்குக் காதில் கலிமா சொல்வதுதான் அந்த வீடுகளில் கடைசியாகச் செய்கிற பெரிய உபகாரம்.

"அப்போ ஜோசி ஓடிவந்து நெஞ்சுலே குத்தற மாதிரி அமுக்கறாரு. எலும்பு நொறுங்கற சத்தம் கேட்டுச்சு. மையித்தை, உசுரு போன உடம்பை, நோவிக்கக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லியிருக்கு. நான் அவரு சட்டையைப் புடிச்சு இழுத்தேன். மௌத்தாயிட்டாங்க, விடுங்க, நோவடிக்காதீங்கன்னு கத்தினேன். அவரு விடலே. விட்டிருந்தா..."

இரண்டாவது தடவை நிறுத்தினார். ஷாஜகான் ஒவ்வொரு தடவையும் ஜோசியைப் புகழும்போது இந்தப் பெண் என்ன கேட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

"உயிரோட இருந்த மனுஷனை நான் மௌத்துன்னு சொல்லிட்டேன் டாக்டரே. என் கண்ணை நான் எப்படி நம்பறது?"

விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. இரவெல்லாம் விரல் வைத்தது அதற்காகத்தான். கண் ஒருமுறை பொய் சொன்னது என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு எத்தனை தடவை பார்த்தாலும் போதாது.

"உங்க கண்ணு பொய் சொல்லலே" என்றேன். "அவர் இதயம் நின்னுபோச்சு, மூச்சு நின்னுபோச்சு. எர்ணாகுளத்து டாக்டரும் அப்படித்தான் எழுதியிருக்கார். நீங்க பாத்தது சரியாக்கும். அந்த நிலையிலிருந்து சிலரைத் திருப்பிக் கொண்டுவர முடியும்னு ஜோசிக்குச் சொல்லிக் குடுத்திருந்தாங்க, உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலே. அவ்வளவுதான் வித்தியாசம். அன்னிக்கு மூச்சு இல்லேன்னு பாத்த கண்ணுதான் இன்னிக்கு மூச்சு இருக்குன்னும் பாக்குது. அன்னிக்குச் சரின்னா இன்னிக்கும் சரிதான்."

அவர் அதை ஒரு தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. கலிமா சொன்னது சரியா தப்பா என்று நான் சொல்லக் கூடாது, அது என் துறை இல்லை. அதையும் சொன்னேன். அதைக் கேட்க வேண்டியது வெளியே சாயா குடித்துக்கொண்டிருக்கிற கணவரிடம்தான் என்றும் சொன்னேன்.

கணவரிடம் அவர் உடனே சொல்லிவிடவில்லை. அதன் பிறகும் குளிர்பெட்டி அறையில் அந்த நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குரல் நடுங்குவது குறைந்தது. இரவில் விரல் வைப்பதை முதலில் தள்ளிப்போட்டுப் பார்த்தார், பிறகு கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தினார். ஆனாலும் ஜோசி வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மெஹருன்னிசாவே என்னையும் பீனாவையும் அழைத்தார். ஜோசியையும் அவரேதான் போனில் அழைத்தாராம். நாங்கள் போனபோது ஷாஜகான் எழுந்து நின்றாகிவிட்டது. "அண்ணன் இப்படித்தான் டம்ளரை வெச்சாரு..." என்று சாயப்போனார்.

மெஹருன்னிசா சாயாத் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, நீங்க உக்காருங்க. நீங்க அன்னிக்கு இங்கே இல்ல. நான் சொல்றேன்."

சொன்னார். இஞ்சித் தண்ணீரையும் சொன்னார், கலிமாவையும் சொன்னார், கண்ணை மூடியதையும் சொன்னார். ஜோசியைப் பார்த்து, "நான் உங்க சட்டையைப் புடிச்சு இழுத்தேன். விடுங்கன்னு கத்தினேன்" என்றார். இந்த இடத்தில்தான் அவர் திருத்தம் சொன்னது. நான் வெள்ளைச் சட்டை என்று எழுதியிருந்தேன். நீலம் என்றார், அந்த நிறம் சாகும்வரை மறக்காது என்றார்.

ஜோசிக்குத் தர்மசங்கடம். "பட்டன் ரெண்டு போச்சு, சேச்சி" என்றார். "சாரமில்ல, விடுங்க. வீட்டுக்காரங்க இழுப்பாங்க, நிறுத்தக் கூடாதுன்னு எங்களைப் படிப்பிச்சதே அப்படித்தான். ஸ்நேகம் இல்லாதவங்க இழுக்க மாட்டாங்க."

யாரும் உச்சுக் கொட்டவில்லை. எல்லாரும் சிக்கந்தர் பாயைப் பார்த்தார்கள். அந்தப் பெரிய சிரிப்பைக் காணவில்லை. அவர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கலிமா சொன்னியா?"

"சொன்னேன்."

"முழுசா?"

"முழுசா."

"அந்த நேரத்துலேயும் அதை மறக்கலியே நீ" என்றார். "இது தெரியாம நான் இத்தனை நாள் கெடந்துட்டேன். அடுத்த தடவையும் நீதான் சொல்லணும், மெஹரு. வேற யாரையும் விடாதே. ஆனா அவசரம் வேண்டாம், ஜோசி வீட்டுலே இருக்கானான்னு பாத்துட்டுச் சொல்லு."

முதலில் சிரித்தது மெஹருன்னிசாதான். சிரித்துக்கொண்டே அழுதார். பிறகு தட்டை எடுத்து, முதல் சாயாவை ஜோசியின் கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை இருவரும் மையத்துக்கு வந்தார்கள். மெஹருன்னிசாவின் பிரஷர் இறங்கியிருந்தது. அவரைச் சாயா குடிக்க அனுப்பிவிட்டு, சிக்கந்தர் பாயிடம் ராத்திரி முழிப்பு வருகிறதா என்று கேட்டேன்.

"வருது டாக்டரே" என்றார்.

நான் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தேன். அவர் குனிந்து, அன்றைக்குப் போலவே குரலைத் தாழ்த்தினார்.

"ஜின்னு இப்பல்லாம் நல்லா உறங்குது. கொறட்டைதான் தாங்கலே."